பின்னிருக்கைச் சட்டம்

சொந்தப் படகு இல்லாதவனும் பாஸ் மீன் பிடிக்கும் போட்டியில் சேரலாம். சீட்டுக் குலுக்கி, எவர் படகிலாவது பின்னால் ஏற்றிவிடுவார்கள். ஆயுள் முழுக்கப் படகின் முன்னால் நின்றே தூண்டில் வீசிய எனக்கு, அறுபத்தெட்டு வயதில் இது முதல் முறை.

மூன்று வாரம் தயாரானேன். பதினொரு தூண்டிலை இரண்டாகக் குறைத்தேன். சமையலறையில் முன்னும் பின்னுமாக நாற்காலி போட்டு, முன் நாற்காலியில் ஒரு தொப்பியை வைத்து, அது தூண்டில் கொக்கியில் மாட்டாதபடி வீசப் பழகினேன். ஐந்து தொப்பி போயிற்று. பரவாயில்லை. ஒரு பரிசுக் கோப்பை வாங்கிவிட்டால், ஹோயட் ஒழிந்தான் என்று என்னைப் பற்றி அலபாமா முழுக்கச் சொல்லித் திரிகிறவர்கள் வாயை மூடுவார்கள்.

முந்தின நாள் மாலை, குலுக்கலில் எனக்கு விழுந்த படகுக்காரரிடமிருந்து போன் வந்தது.

“ரெண்டே தூண்டில். மூணாவது கொண்டுவந்தா அது கரையிலதான் கிடக்கும்.”

“சரி.”

“முன்பக்கம் வீசக் கூடாது. நான் வீசி முடிச்ச எடத்துல வீசிக்கலாம்.”

“அங்க என்ன மீன் மிச்சமிருக்கும்?”

“அது மீனோட கவலை.”

“எந்தப் பக்கம் போறோம்னாவது…”

“பின்னால உட்கார்றவங்களுக்கு அது எதுக்கு? அப்புறம், வாழைப்பழம் கூடவே கூடாது. படகுக்கு ராசியில்ல.”

“தெரியும், லர்லீன்.”

அத்தனையும் நான் போட்ட சட்டம். இருபத்தாறு வருடம் அதே படகில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னது.

விவாகரத்தில் நீதிபதி அவளுக்குப் படகை மட்டும்தான் கொடுத்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.