யாரந்தத் தூங்குமூஞ்சி?

“தூங்குமூஞ்சி யாரு? எழுந்து நில்லு.”

கதவைத் திறந்ததும் தலைமையாசிரியர் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஐந்தாம் வகுப்பில் யாரும் எழுந்திருக்கவில்லை. கணக்கு வாத்தியார் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்.

விஷயம் என்னவென்றால், இந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது கரும்பலகை கிடையாது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு டேப். வாத்தியார் திரையில் கேள்வி போடுவார், பிள்ளைகள் டேப்பில் பதிலைத் தட்டுவார்கள். யார் முதல், யார் கடைசி என்று திரை உடனே போட்டுக் கொடுத்துவிடும். சொந்தப் பெயர் வேண்டாம், பட்டப்பெயர் போதும். கணக்கு என்றாலே கொட்டாவி விட்ட பையன்கள்கூட இப்போது மணியடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எல்லாம் தலைமையாசிரியரின் ஏற்பாடு. வகுப்பில் நடப்பது அத்தனையும் அவர் செல்போனுக்கும் வந்துவிடும். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்வார்.

அவருக்கும் பிள்ளைகள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தலைவலி. பல வருஷமாக அது அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மனுஷர் விழாத மாதிரியே காலத்தை ஓட்டிவிட்டார்.

அவருடைய மகளும் இதே வகுப்புதான். திரையில் அவள் வெட்டுக்கிளி. இந்த டேப் விளையாட்டு ஆரம்பித்த புதிதில் தினமும் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார், சரியாகிவிட்டது. அப்போதிலிருந்து சாயங்காலமானால் அப்பா கேட்பார்.

“இன்னிக்கு எத்தனாவதும்மா?”

“கடைசிக்கு முந்திப்பா.”

“பரவாயில்ல. உனக்குக் கீழயும் ஒரு ஜென்மம் இருக்குல்ல.”

அந்த ஜென்மம்தான் தூங்குமூஞ்சி. ஒருநாள்கூடக் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. அதனால் நேற்று தலைமையாசிரியர் ஓர் உத்தரவு போட்டார். கடைசியில் வருகிறவருக்கு இனி தனி வகுப்பு. உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்த அறைக்குப் பக்கத்து அறை. அங்கே அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். இன்று ஆளைப் பிடித்துக்கொண்டுபோக நேரிலேயே வந்துவிட்டார்.

“நீங்களாவது சொல்லுங்க சார். யாரது?”

வாத்தியார் தொண்டையைச் செருமினார். “சின்னப் பிள்ளைங்க சார். விட்டுருங்களேன்.”

“எப்படி சார் விடறது? ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா அறுபத்தி மூணுன்னு தட்டறான். ஒருத்தனால பள்ளிக்கூடத்து மானமே கப்பலேறுது.” பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “எல்லாரும் டேப்பைத் திருப்பி மேசைமேல வைங்க.”

ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே போனார். சிங்கம் இருந்தது, ராக்கெட் இருந்தது, குட்டிச்சாத்தான்கூட இருந்தது. வெட்டுக்கிளியிடம் நிற்காமல் நகர்ந்தார். சுவர்வரை போய்விட்டார். தூங்குமூஞ்சியைக் காணோம்.

“என்ன சார், பேயா வந்து கணக்குப் போடுது?”

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து தன் செல்போனை எடுத்து நீட்டினார். அதில் தூங்குமூஞ்சி என்றிருந்தது.

“ஏழெட்டு அம்பத்தாறுன்னு எனக்குத் தெரியும் சார்,” என்றார் பாவமாக.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியார் அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஆரம்பத்துல ஒரு குழந்தை தினமும் கடைசியா வந்துச்சு. எல்லாரும் திரையைப் பார்த்துச் சிரிச்சாங்க. அது லீவு போட ஆரம்பிச்சிடுச்சு. நான் கடைசியில போய் நின்ன பிறகுதான் சார் திரும்ப வந்துச்சு.”

“படிக்கிற பிள்ளைங்களை ஏமாத்தறீங்க. முதல்ல ஆட்டத்தை விட்டு வெளிய வாங்க.”

கோபத்தில் மனுஷருக்கு வேறெதுவும் ஓடவில்லை. வாத்தியார் செல்போனைத் தட்டினார். திரையின் அடியிலிருந்து தூங்குமூஞ்சி மறைந்தது. இப்போது எல்லாருக்கும் கீழே வெட்டுக்கிளி.

மூன்றாவது பெஞ்சில் அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கை தானாக வயிற்றைப் பிடித்தது.

அவருக்கு அந்த டானிக் ஞாபகம் வந்தது. வேளை தவறாமல் ஊற்றிக் கொடுத்ததும், டாக்டரை ஊரெல்லாம் புகழ்ந்ததும் ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது.

முன் பெஞ்சு ராக்கெட் கையைத் தூக்கினான். “சார், கடைசியா வந்தவங்க தனி வகுப்புக்குப் போகணும்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கே?”

“ஆட்டம் இன்னும் முடியலைடா,” என்றார் தலைமையாசிரியர். “இன்னொரு கேள்வி போடுங்க சார்.”

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் செல்போனில் எதையோ தட்டினார்.

திரையில் கேள்வி வந்தது. ஒன்பதாறு எவ்வளவு? டேப்புகள் படபடத்தன. பட்டியல் மேலும் கீழும் புரண்டு நின்றது. கடைசிக்கு முந்தி, வெட்டுக்கிளி. அவளுக்கும் கீழே புதிதாக ஒரு பெயர்.

“டேய், தலைவலின்னு வெச்சிருக்கான்டா,” என்று ராக்கெட் கத்தினான். கத்திய பிறகுதான் அறையில் யார் நிற்கிறார் என்பது உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

தலைமையாசிரியர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“நான்தான். அந்தத் தனி வகுப்பு எங்க இருக்குன்னு யாராவது காட்டுங்க.”