பிள்ளைக்காக ஒரு நத்தார்

"இயேசு பாலனை இப்பவே குடில்ல வச்சிராதகா. பூசைக்குப் போயிட்டு வந்த பொறகு, வீட்டுல சின்னப் பிள்ளைதான் வைக்க வேணும்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெரோனிக்கா அக்கா சொல்லச் சொல்ல, மங்கையற்கரசி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சைவக் குடும்பத்தில் பிறந்து, சைவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நாற்பதை எட்டப் போகிற நேரத்தில் நத்தார் என்கிற கிறிஸ்து பிறப்புப் பண்டிகையைப் படிக்க வேண்டி வந்துவிட்டது.

"வேற என்னக்கா?"

"புதுச்சட்டை, கேக். வாசல்ல நட்சத்திரக்கூடு. உள்ளுக்கு விளக்கு வைக்க வேணாம், ஆமிக்காரன் வந்து நிப்பான். நடுச்சாமப் பூசை பின்னேரம் நாலு மணிக்கு. ஊரடங்கெல்லோ."

நடுச்சாமப் பூசையைப் பட்டப்பகலில் வைக்கிற காலம் அது. மங்கை அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

எல்லாம் மலருக்காகத்தான். இரண்டு மாதத்துக்கு முன், படுவான்கரையில் ஷெல் விழுந்தபோது வாவியைக் கடந்து ஓடிவந்த சனத்தோடு வந்த பிள்ளை. மாதா கோயில் முகாமில் இருந்து ஃபாதரே கையில் பிடித்துக் கூட்டி வந்தார்.

"தாய் தகப்பன் தப்பல்லயெண்டு கூட வந்த சனம் சொல்லுது. நத்தார் வரைக்கும் வச்சிப் பாருங்க. பிள்ள உங்களோட ஒட்டல்லயெண்டா டவுன்ல சிறுவர் இல்லத்துல சேர்க்கிறன்," என்றார். முகாமில் அவருக்கு ஆயிரம் வேலை. அதற்கு மேல் நின்று பேச நேரமில்லை.

பிள்ளையின் கழுத்தில் ஒரு செபமாலை கிடந்தது. வேறென்ன விசாரிக்க இருக்கிறது?

அன்றைக்கே மங்கையின் புருஷன் நல்லரத்தினம் சுவரில் இருந்த சாமிப் படங்களை எல்லாம் இறக்கிச் சீலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். வாவிக்குப் போகுமுன் திருநீறு பூசாமல் தோணியைத் தொடாத மனிதன், வெறும் நெற்றியோடு வலை வீசப் போனான்.

"தாயும் தகப்பனும் இல்லாம வந்த பிள்ள. சாமியும் வேறயெண்டா எப்பிடிகா தாங்கும்?" என்றான்.

பிள்ளை இல்லாமல் காய்ந்துபோன வீடு அது. மலருக்காக அவர்கள் எதையும் செய்வார்கள்.

மலரும் சொல்பேச்சுத் தட்டாதவள். குளி என்றால் குளித்தாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில். வாய் திறந்து அம்மா என்றோ மாமி என்றோ ஒரு நாள் கூப்பிட்டதில்லை. நாளைக்கு ஃபாதர் வந்து கேட்டால் என்ன சொல்வது?

"இன்னொண்டு," வெரோனிக்கா வேலிக்கு மேலால் குனிந்தாள். "சிலுவை போடக்குள்ள நீ வலத் தோளை முதல்ல தொடுறாய். இடந்தான் முதல். அந்தப் பிள்ளையும் உன்னைப் பார்த்துப் பிழையாப் போடுது."

மங்கைக்கு வெட்கமாகப் போய்விட்டது. தனக்குத் தெரியாததைச் செய்யப்போய்ப் பிள்ளையின் பழக்கத்தையும் கெடுத்தாயிற்று.

பின்னேரம் மூவரும் பூசைக்குப் போனார்கள். வெரோனிக்கா முன்வரிசையில் இருந்தாள். அவள் முழந்தாளிட்டால் மங்கை முழந்தாளிட்டாள். மங்கை முழந்தாளிட்ட பிறகுதான் மலர் முழந்தாளிட்டாள். பாட்டு வந்தபோது மலரின் உதடு சும்மா அசைந்தது, சத்தம் வரவில்லை. தாயோடு நின்று பாடிய நத்தார் ஞாபகம் வந்திருக்கும், பாவம், என்று மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் ஃபாதர் கேட்டார். "எப்பிடி, பிள்ள ஒட்டிட்டுதா?"

"ஓம் ஃபாதர்," என்று மங்கை பூசை முடிந்த கையோடு பொய் சொன்னாள்.

"அப்ப நாளைக்கு வந்து பிள்ளையிட்டயே கேக்கிறன்."

மலர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வீடு வரும்வரை மங்கையின் கையை விடவில்லை.

ஊரடங்குக்கு முன்னமே வீடு வந்துவிட்டார்கள். நல்லரத்தினம் வைக்கோல் பரப்பிக் கட்டிய குடிலுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்தான். வெரோனிக்கா இரவல் தந்த பாலன் பொம்மை விரல் நீளம்தான் இருந்தது. மங்கை அதை எடுத்து மலரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வை மனே. உங்கட வீட்டுல வைக்கிற மாதிரியே வை."

மலர் அவள் முகத்தைப் பார்த்தாள். நல்லரத்தினத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, முட்டையை அடுக்குகிற கவனத்தோடு பாலனை வைக்கோலில் கிடத்தி, சிலுவை போட்டாள். நல்லரத்தினம் கேக் வெட்டி இருவருக்கும் கொடுத்தான். மங்கை தன் துண்டையும் மலரின் கையில் வைத்தாள். நாளைக்கு இந்த நேரம் பிள்ளை இந்த வீட்டில் இருக்குமோ என்னவோ.

அப்போது யாரோ சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள்.

"அம்மா."

மங்கை அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் சரியாச் செஞ்சனா?"

"ஓம் என்ட கிளி. வடிவாச் செஞ்சாய்."

"அப்ப என்னை அனுப்ப மாட்டீங்களே?"

"ஆர் சொன்ன? நீ எங்கட பிள்ள. ஒருத்தரிட்டயும் விட மாட்டம்."

மலர் வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு, மங்கையின் காதோடு வாயை வைத்தாள்.

"முகாம்ல போட்டுவிட்ட இந்த மாலையையும் கழட்டாம, உங்கட சாமிய எப்பவும் இப்பிடியே கும்பிடுவன் அம்மா. ஆனா ஒரே ஒருக்கா, ஃபாதருக்குத் தெரியாம, எங்கட கண்ணகி அம்மனைக் கும்பிட்டுட்டு வரட்டா?"