பெயின்ட் அடித்த பாதி

முதல் உலகப் போர் முடிந்த கையோடு கட்டிய பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, துறைமுகத்தில் பதினைந்து வருஷமாகச் சும்மா நின்றது. அதன் அடிவயிற்றில் ஒரு கிழட்டுக் கொட்டலசு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடாத கப்பலாகப் பார்த்து ஒட்டி, மேலே ஓடு கட்டிக்கொண்டு பெருகுகிற கடல்பூச்சி அது.

வருஷா வருஷம் தளபதி பார்வையிட வருவார். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மேல்பாதிக்கு மட்டும் பெயின்ட் அடிப்பார்கள். தண்ணீருக்குள் இருக்கிற பாதியை ஒரு பயலும் எட்டிப் பார்த்ததில்லை.

"என் சேவையைக் கேளு," என்று அன்றைக்கும் ஆரம்பித்தது கப்பல். "பதினாலு அணிவகுப்பு! மந்திரி சம்சாரமே என்மேல ஏறி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க."

"முங்கினது எத்தனை தடவை?"

"முங்கினா பெயின்ட் போயிடாதா?"

கொட்டலசுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லா இருங்க மகராசா. நீங்க அசையாத புண்ணியத்துல என் கொள்ளுப்பேரன்வரைக்கும் இங்கேயே குடித்தனம் பண்றான்."

அடுத்த போர் வந்தது. எதிரி துறைமுகத்தை நெருங்கியதும் கப்பல் கிளம்பப் பார்த்தது. தண்ணீரைத் தள்ளுகிற விசிறியெல்லாம் கொட்டலசு அப்பிக்கிடந்ததால் நகர முடியவில்லை. எதிரி கையில் சிக்கக் கூடாதென்று மாலுமிகளே அடைப்பைத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டுவிட்டுக் கரையேறினார்கள். கப்பல் முதல்முறையாக முங்கியது.

கடலடியில் ஒரு நண்டு ஓடிவந்து, "ஐயோ பாவம்! எதிரி அடிச்சிட்டானா?" என்றது.

"எதிரியா?" என்றது கொட்டலசு. "மேல ஏறிப் பாரு. பெயின்ட்ல ஒரு கீறல் இருக்கா?"