வெளியே தெரியாத பக்கம்

"இந்தப் பக்கத்தை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாதுதானே?" குபாத் மறுபடியும் கேட்டார்.

"முடியாது அத்தான். சர்வர் உங்க லேப்டாப்புக்குள்ளயே ஓடும். நீங்களா ஏத்தினாத்தான் இணையத்துக்குப் போகும்" என்றான் மிர்லான். பிஷ்கெக் நகரத்தில் இணையதளங்கள் செய்து தரும் கம்பெனியில் அவனுக்கு வேலை. குபாத் அவன் அக்கா சல்தனாத்தின் கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியார்; தானே ஓர் இணையப் பக்கம் செய்ய லேப்டாப்பைத் தயார்படுத்தித் தரச்சொல்லி அவனை வரவழைத்திருந்தார்.

"உங்க அக்காவால கூடப் பார்க்க முடியாதில்ல?"

மிர்லானின் விரல்கள் ஒரு கணம் நின்றன. "உங்க பாஸ்வேர்டு தெரியாத வரைக்கும் முடியாது."

அன்று அவன் வந்ததும் வராததுமாக, சல்தனாத் அவனைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கிசுகிசுத்திருந்தாள்.

"போன் வந்தா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிறார்டா. ஒருநாள் காதை வச்சுக் கேட்டேன், பொம்பளைக் குரல். ஆனா என்மேல மட்டும் திடீர்னு ஒரே கரிசனம்! தண்ணி வாளியைக்கூடத் தூக்க விடறதில்ல. தப்புப் பண்றவங்கதான்டா இப்படித் தாங்குவாங்க."

"நான் பார்த்துக்கறேன் அக்கா" என்றிருந்தான். இன்றைக்கு மட்டும் கையும் களவுமாகச் சிக்கினால், அத்தானாவது ஒண்ணாவது!

இணையப் பக்கங்களை இயக்கும் பிஎச்பி மென்பொருளை நிறுவினான். அது எங்கே இருக்கிறது என்று, நிரல் எழுதும் எடிட்டரில் குறித்து வைத்தான். எழுதிச் சேமித்ததும் பிரவுசரில் பக்கம் தெரியும்படி சர்வரையும் ஓடவிட்டான். 'சலாம்' என்று ஒரு வரி எழுதிப் பார்த்தான், வந்தது.

"வந்துடுச்சு அத்தான். அப்படி என்னதான் பண்ணப் போறீங்க? சொன்னா நானே முடிச்சுக் கொடுத்துடுவேன்."

"வேணாம், வேணாம். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்." குபாத் அவசரமாக லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

அதற்குள் அவர் போன் அடித்தது. நம்பரைப் பார்த்தவர் முகம் மாறியது. எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மிர்லான் தாமதிக்கவில்லை. எடிட்டரின் ஓரத்தில் அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு கோப்பு தெரிந்தது. பெயர்: 'ஜானிம்'. என் உயிரே! அக்காவை அத்தான் அப்படிக் கூப்பிட்டு அவன் கேட்டதே இல்லை.

ஆத்திரத்தோடு பக்கத்தைத் திறந்தான். திரை முழுக்க ஒரு வெற்றுச் சதுரம். படம் வரவில்லை. மனுஷன் படத்தை ஒரு கோப்புறையில் போட்டுவிட்டு, இன்னொரு கோப்புறையின் பெயரை எழுதி வைத்திருந்தார்.

"யாருடி நீ?" பல்லைக் கடித்துக்கொண்டே பெயரைத் திருத்திச் சேமித்தான்.

படம் வந்தது. இசிக்-குல் ஏரிக்கரையில், தலையில் கட்டிய துணி காற்றில் பறக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள் சல்தனாத்.

மிர்லானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நொடி சிரிப்பும் பீறிட்டது. பால்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"அத்தான்! அக்காவோட பிறந்தநாளுக்கா இவ்வளவு ரகசியம்? பாவம், அவ உங்களை என்னென்னமோ நினைச்சுட்டிருக்கா!"

குபாத் சிரிக்கவில்லை. முதலில் போய்ச் சமையலறைக் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். பிறகு அவன் அருகில் வந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் பக்கத்தை மெல்லக் கீழே நகர்த்தினார்.

படத்துக்கு அடியில் பெரிய எழுத்தில் இருந்தது: 'என் மனைவியைக் காப்பாற்ற உதவுங்கள்.'

மிர்லான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"மிர்லான், போர்சோக் பொரிச்சுட்டேன், சூடா இருக்கு! ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்று உள்ளிருந்து சல்தனாத் குரல் கொடுத்தாள்.

குபாத் அவன் தோளைப் பற்றினார்.

"முகத்தைத் துடைச்சுக்கோ மச்சான். போன்ல டாக்டரம்மா சொன்னதை அவளுக்கு இன்னும் சொல்லல."