மார்க்கண்டு வீதியின் நடுவே ஒரு வேலி

முல்லைத்தீவுச் சந்தையிலிருந்து கடற்கரைக்குப் போகும் பழைய வீதியின் நடுவில் ஸுல்பா அலவாங்கால் குழி தோண்டுகிறாள். வீதி முகப்பில் இன்று திறந்துவைத்த பெயர்ப்பலகை வெயிலில் மினுங்குகிறது: மார்க்கண்டு வீதி. மீன் வண்டிகள் போகட்டுமென்று இந்த இடத்தில் தன் வேலியைப் பிடுங்கி வழிவிட்டவர் அவளுடைய வாப்பா. ஓரடி நிலமும் தரமாட்டேன் என்று நின்றவர் மார்க்கண்டர். அதனால்தான் வீதி அவருடைய மதிலைச் சுற்றி வளைந்து போகிறது. வேலிக்கு வெட்டிய பச்சைக் கிளுவைக் கதியாலை அவள் குழியில் இறக்கி, குதிகாலால் மண்ணை மிதிக்கிறாள். வெட்டுவாயில் பிசின் கசிகிறது. மார்க்கண்டரின் மகன் சுகிர்தன் திறப்பு விழாவில் போட்ட கழுத்து மாலையைக் கழற்றவும் மறந்து ஓடிவருகிறான்.

“ஸுல்பாக்கா, என்ன விசர் வேலை? இது ரோட்டல்லோ!”

“இது வாப்பாட காணி, தம்பி. நாங்கள் துரத்தப்பட்டுப் புத்தளத்தில அகதியாக் கிடந்த காலத்தில உங்களுக்கு மறந்து போச்சுது. எனக்கு மறக்கேல்லை.”

“அப்ப சனம் எதால போறது?”

அவள் அடுத்த கதியாலைக் கையில் எடுக்கிறாள். வியர்வை வழியும் முகத்தில் மெல்லச் சிரிப்பு வருகிறது.

“உங்கட கொப்பர்ட வளவுக்குள்ளால போகட்டும். அவர்ட பேர்தானே போட்டிருக்கு.”

மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று வேலியடியில் நிற்கிறது. ஓட்டி வந்தவன் ஹோர்னை அழுத்திக்கொண்டே சுகிர்தன் வீட்டு இரும்புக் கேற்றின் பக்கம் மெதுவாகத் திரும்புகிறான்.