மூன்றாவது ஓலை

"நல்லபடியா நடக்க இருந்த கல்யாணத்தக் கெடுத்தவன் உருப்படுவானா?"

திங்கட்கிழமை காலை மரக்காணம் உப்பளத்தில் இதே பேச்சுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்பார் சாமியார். சகாயசெல்விக்கும் புதுச்சேரி மாப்பிள்ளைக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. நேற்று மூன்றாவது வாசிக்கவில்லை.

"ஒருத்தர் வந்து தடை சொல்லியிருக்காங்க, விசாரிக்கணும்" என்றதோடு சாமியார் வாயை மூடிக்கொண்டார். யாரென்று ஊருக்கு அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"விக்டர்தான், வேற யாரு?" என்றாள் அற்புதமேரி. "நம்ம தலையில கூடைய தொப்புன்னு வைப்பான். செல்விக்கு மட்டும் சும்மாடு நேரா இருக்குதான்னு பாத்து வைப்பான். நாலு வருஷமா பாக்கறேனே!"

"ஆசை இருந்தா வாயத் தொறந்து கேக்கறது. கடைசி நேரத்துல குழி பறிக்கிறானே, கோழை!" என்றாள் இன்னொருத்தி.

அதுவும் நியாயம்தான். நாலு வருஷத்தில் 'பாத்துப் போ' என்பதைத் தவிர விக்டர் செல்வியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

செல்வியின் அண்ணன் பவுல்ராஜ் பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் விறுவிறுவென்று வந்தான். உப்பு வாரிக்கொண்டிருந்த விக்டரின் சட்டையைப் பிடித்தான்.

"டேய், நீதானடா சாமியார்கிட்ட போய்ச் சொன்னது?"

விக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. செல்வியைப் பார்த்தான். கூடையோடு வெலவெலத்துப் போய் நின்றிருந்தாள்.

"ஆமாண்ணே. நான்தான்."

பளாரென்று அறை விழுந்தது. "என் தங்கச்சி பக்கம் இனிமே திரும்பிப் பாத்த, தொலைச்சிடுவேன்!" என்று கத்திவிட்டுப் போனான் பவுல்ராஜ்.

'நல்லா வேணும்' என்று பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

செல்வி மட்டும் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். அழுதிருந்தாள்.

"நீ எங்க சாமியார்கிட்ட போன? எதுக்கு ஆமான்னு சொன்ன?"

"உன் மூஞ்சப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சி. அந்த அடி உன் மேல விழ வேணாம்னுதான்."

செல்விக்குக் கோபம் பொங்கியது.

"அடி வாங்க மட்டும் தைரியம் இருக்குது! ரெண்டு ஞாயிறும் நீ எழுந்து தடை சொல்லுவியான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். நீ தலையே நிமிரல. அதான், எனக்கு இஷ்டம் இல்லன்னு நானே போய்ச் சொல்லிட்டேன்."