மிச்சமிருந்த பாடம்

“தறிய நிறுத்துங்க, பொண்ணு பேசறா!”

பச்சையம்மாள் போட்ட சத்தத்தில் வேதாச்சலம் சுவிட்சை அணைத்தார். ஆந்திரத்து நகரியில் அந்தத் தெரு முழுக்க விசைத்தறிகள். ஒன்று நின்றதால் இரைச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இருவரும் போனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்கள்.

திரையில் ரோஹிணி குல்லாவும் கம்பளிச் சட்டையுமாகத் தெரிந்தாள். திருப்பதியில் எம்.ஏ. படிக்கிறவள். ஒரே ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படித்து வரும்படி பல்கலைக்கழகம் அனுப்பியிருந்தது. அங்கே எடுத்த பாடங்கள் எல்லாவற்றிலும் தேறினால்தான் அது இங்கே கணக்கில் சேரும். ஒன்றில் கோட்டை விட்டாலும் திரும்பி வந்து ஒரு வருஷம் மறுபடி படிக்க வேண்டும்.

“இன்னாடி, முகம் வாடிக் கெடக்குது? துன்னியா?”

“துன்னேம்மா. ஒரு பாடம்தான் படுத்துது.”

“எந்தப் பாடம்?”

“ஒரு பாஷை. வெளிநாட்லேர்ந்து வர்ற பசங்களுக்குன்னு இங்க கொஞ்சம் பாடம்தான் ஒதுக்கியிருக்காங்க. எனக்கு விசா லேட்டாச்சா, நான் வந்து சேர்றதுக்குள்ள மத்ததெல்லாம் நிரம்பிடிச்சி. இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சி. வேற வழியில்லாம எடுத்துக்கினேன்.”

வேதாச்சலம் மனைவியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “இன்னா பாஷை?”

“பாஸானப்பறம் சொல்றேன் நைனா. இப்ப சொன்னா நீ சிரிப்ப.”

“சிரிக்காம? ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து தெலுங்கு மீடியம். இங்கிலீஷே காலேஜுக்குப் போனப்பறம்தான் தட்டுத் தடுமாறி வந்துச்சி. இப்ப இது வேறயா?”

“நீங்க சும்மா இருங்க.” பச்சையம்மாள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “எழுத்து கஷ்டமா?”

“எல்லாம் ஒரே மாதிரி வளைஞ்சிக்கினு இருக்குது. ஒரே எழுத்த இங்க ஒரு மாதிரி படிக்கணுமாம், அங்க வேற மாதிரியாம். பேச்சு பரவால்லம்மா. எழுதறதுக்குத்தான் கை வரல.”

“அதுக்குள்ள பேசக் கத்துக்கினியா!”

“ம்... டீச்சரே ஆச்சரியப்பட்டாங்க.” ரோஹிணி வேறு எங்கோ பார்த்தபடி சொன்னாள்.

“சாப்ட்டியான்னு அந்தப் பாஷைல எப்டி கேப்பாங்க? ஒரு தபா சொல்லு, கேக்கறேன்.”

“நம்ம வூட்ல கேக்கற மாதிரி கேக்கக் கூடாதாம். போன டெஸ்ட்ல அதுக்குத்தான் மார்க் போச்சு,” என்று சொல்லிவிட்டு ரோஹிணி அழைப்பைத் துண்டித்தாள்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் தெருவுக்கே சேதி தெரிந்தது. “போய் ரெண்டு மாசம் ஆகல. அவங்க பாஷைய மளமளன்னு பேசறாளாம்!”

“எம் புள்ள நம்ம பாஷையக்கூட பேச மாட்டேங்கறான். எது கேட்டாலும் ‘ம்’தான்,” என்றாள் எதிர்வீட்டு வசந்தா.

ஆனால் பச்சையம்மாளுக்கு எழுத்தை நினைத்துத்தான் கவலை. யாரும் நடக்காத பனியில் குருவிக் கால் பதிந்தது போலக் கிடக்கும், தான் கண்ணால்கூடப் பார்த்திராத அந்த எழுத்துகளுக்கு நடுவில் மகள் தனியாக நிற்பதாகத் தோன்றியது. கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் முடியாது.

பரீட்சை முடிவு வருகிற நாளில் வீட்டில் இருப்புக் கொள்ளாமல், இருவரும் திருப்பதிக்குக் கிளம்பினார்கள். பஸ் வந்ததும் பச்சையம்மாள் வழக்கம் போல, “எந்தூருன்னு போட்டிருக்குது?” என்று கேட்டாள். வேதாச்சலம் படித்துச் சொன்னார். பச்சையம்மாள் பிறந்து வளர்ந்தது ஆந்திராவில்தான். ஆனால் அவள் படித்த அஞ்சு வகுப்பிலும் தெலுங்கு இல்லை. நாலு இடத்தில் வேலை கிடைக்குமென்று மகளைத் தெலுங்கில் போட்டதும் அவள்தான். மகள் கூட இருந்தால் பஸ் தூரத்தில் வரும்போதே ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவாள்.

கோவிந்தராஜரைக் கும்பிட்டுவிட்டு வெளியே நிழலில் உட்கார்ந்தபோது போன் அடித்தது.

“அம்மா, டீச்சர் பக்கத்துலதான் இருக்காங்க. உங்கிட்ட பேசணுமாம்.”

பச்சையம்மாள் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே, டீச்சர் கூப்பிட்டனுப்பி நல்ல சேதி சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

“எங்கிட்டயா? அந்தப் பாஷை எனக்கு எங்கடி தெரியும்? பெயில்னா நீயே சொல்லிடு. ஒரு வருஷம்தானே, போனா போவுது. நைனா ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

“நீ பேசும்மா.”

“கையெடுத்துக் கும்புடு, போதும். மிச்சத்த பொண்ணு பாத்துக்குவா,” என்றார் வேதாச்சலம். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

திரையில் நீலக் கண்களும் வெள்ளை முடியுமாக ஒரு அம்மாள் வந்தார். பச்சையம்மாள் போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கை கூப்பினாள். என்ன சத்தம் வரப்போகிறதோ என்று அந்த வாயையே பார்த்தாள்.

அந்த அம்மாளும் கை கூப்பினார். ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து வைப்பது போல மெதுவாகப் பேசினார்.

“வணக்கம், அம்மா. உங்கள் மகள் தமிழ்ப் பாடத்தில் தேறிவிட்டாள். ஆனால் ‘சாப்பிட்டாயா’ என்று எழுதச் சொன்னால் மட்டும் இன்னும் ‘துன்னியா’ என்றுதான் எழுதுகிறாள்.”